தட்டின் மேல் ஈரச் சாக்கு

இன்டர்வியூ பதினோரு மணிக்கு. பத்து மணிக்கே லேப்டாப்பைத் திறந்துவைத்து உட்கார்ந்துவிட்டேன். கேள்விகளுக்குப் பயமில்லை. வாசல் கம்பத்தில் மாட்டியிருந்த சாட்டிலைட் தட்டை நினைத்துத்தான் பயம்.

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டுக்குள் செல்போன் டவர் எடுக்காது. கேபிள்காரர்களும் எங்கள் தெருவுக்கு வரவில்லை. வேறு வழியில்லாமல் சாட்டிலைட் இன்டர்நெட் போட்டேன். எங்கே இருந்தாலும் கிடைக்கும் என்றார்கள். மழை பெய்தால் போய்விடும், வேப்பங்கிளை குறுக்கே வளர்ந்தால் போய்விடும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. குரலும் தாமதமாகத்தான் போய்ச் சேரும். நான் பதிலை ஆரம்பிக்கும்போது அந்தப் பக்கம் அடுத்த கேள்வி வந்து இடிக்கும்.

இந்த வேலை கிடைத்தால் வீட்டிலிருந்தே செய்யலாம். இல்லாவிட்டால் பழையபடி விடியற்காலை ரயிலில் பெங்களூர் போக வேண்டும். சுரங்கத்தில் ஆயுள் முழுக்க ஷிப்ட் பார்த்த அப்பாவுக்கு நுரையீரலில் தூசி. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். பகலெல்லாம் அவரைத் தனியே விட்டுப்போக எனக்கு மனசே இல்லை.

மூன்றாவது கேள்வியில் திரை உறைந்தது. மழை இல்லை, மேகம்கூட இல்லை. வெளியே ஓடினேன்.

காற்று எழும்பியிருந்தது. சுரங்கக் கழிவுத் தூசி குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்றடித்தால் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டு ஜன்னலிலும் ஈரச் சாக்கு தொங்கும். அப்பா ஸ்டூல் மேல் ஏறி நின்று, மூச்சு வாங்க, தட்டுக்கும் ஒரு சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா பண்ற! எல்லாம் போச்சு!" என்று கத்திவிட்டேன்.

"இன்னாம்மா கத்தற? தூசி உள்ள பூந்தா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாதா?" என்றார். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. கத்தியது எனக்கே வெட்கமாக இருந்தது. அவரைக் கைப்பிடித்து இறக்கினேன்.

சாக்கை அவிழ்த்துவிட்டு வந்து பார்த்தபோது அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. உங்கள் இணைப்பை நம்ப முடியாது, அலுவலகத்துக்கு வருவதானால் பார்க்கலாம் என்று மறுநாள் எழுதியிருந்தார்கள். ஒத்துக்கொண்டேன்.

இப்போது அப்பாவின் கட்டிலுக்கு எதிரே ஒரு கேமரா வைத்திருக்கிறேன். பெங்களூரில் வேலைக்கு நடுவே செல்போனில் அவரைப் பார்த்துக்கொள்வேன். சில நாள் படம் அப்படியே நின்றுவிடும். காற்றடித்திருக்கும், அப்பா எழுந்துபோய்ச் சாக்குக் கட்டியிருப்பார் என்று சொல்லிக்கொள்கிறேன். வீடு போய்ச் சேரும்வரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.