நீல மூடி டியூபில் இரண்டு பேர்

லேபில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது மெஷினை அல்ல. நீல மூடி டியூபில் இருக்கும் சின்னக் கோட்டை. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் பிடி, ஏபிடிடி டெஸ்டுகளுக்கு இந்த டியூப்தான். உள்ளே ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் அளந்து ஊற்றியிருக்கும். கோடு வரை ரத்தம் வந்தால்தான் விகிதம் சரி. குறைந்தால், நல்ல ரத்தம்கூட உறையத் தாமதமாவதுபோல் காட்டும்.

இந்தக் காரணத்தை அப்போதெல்லாம் நான் யாருக்கும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். அச்சில் விதி இருந்தால் போதாதா? "கோடு வரை ரத்தம் இல்லாத டியூப் ஏற்கப்படாது" என்று பெரிய எழுத்தில் அடித்து, மலைக் கிராமங்களில் எங்களுக்காக ரத்தம் எடுத்து அனுப்புகிறவர்களிடம் கொடுத்திருந்தேன்.

கிளாவரையில் அந்த வேலை முருகேசன் அண்ணனுடையது. ஒரு நாள் அவர் பஸ்ஸில் கொடுத்துவிட்ட டியூபில் பாதிதான் ரத்தம். பூண்டு விவசாயி கருப்பையாவின் மகள் செல்வியுடையது. வயது பத்தொன்பது. பல் பிடுங்கியபோது இரண்டு நாள் ரத்தம் நிற்கவில்லை. திங்கட்கிழமை கொடைக்கானலில் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே டான்சில் ஆபரேஷன். கத்தி வைக்கலாமா என்று சர்ஜன் எங்கள் ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தார்.

டியூபை நிராகரித்துவிட்டு செல்வி வீட்டுக்குப் போன் செய்தேன். கருப்பையாவே எடுத்தார்.

"பாதி இருக்குல்ல தம்பி? பாதி நோயையாச்சும் சொல்லுங்க."

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. கோடு வரைக்கும் வேணும்."

"புள்ள இருக்குற இருப்புக்கு அம்புட்டு ரத்தத்துக்கு எங்க போறது?"

"அரை ஸ்பூன்தாங்க!"

"அது ஒங்களுக்கு."

மறுநாள் வந்த டியூப் பார்க்கவே அழகு. ரத்தம் சரியாகக் கோட்டில் நின்றது. பிடி நார்மல், ஏபிடிடி நார்மல். பெருமை தாங்காமல் நானே போன் போட்டேன்.

"எல்லாம் நார்மல்ங்க. ரிப்போர்ட் சர்ஜனுக்குப் போயிருச்சு."

"சந்தோஷம் தம்பி. இன்னொரு காப்பி எம்பேர்ல போடுங்க."

"உங்க பேர்ல எதுக்குங்க?"

"பாதி என்னுதுல்ல?"

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். பாதி டியூப் நிறைவதற்குள் செல்விக்கு மயக்கம் வந்துவிட்டது. கோட்டைத் தொடாவிட்டால் நான் திருப்பி அனுப்புவேனே என்று முருகேசன் அண்ணன் கையைப் பிசைந்தார். இவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"முருகேசன் மாட்டேன்னுதான் சொன்னான். நாந்தான் ஒங்க பேப்பரக் காட்டுனேன். ஒரே ஆளு ரத்தமா இருக்கணும்னு இதுல எங்கலே போட்டிருக்குன்னேன். தேடிப் பாத்தான், இல்ல. பெத்த அப்பன் ரத்தந்தான தம்பி, வேத்தாளுதா?"

போனை வைக்காமலே ஓடினேன். சர்ஜன் மேஜையிலிருந்த ரிப்போர்ட்டை, அவர் கேட்கக் கேட்க, எடுத்துக்கொண்டு வந்து எங்கள் லேப் டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சிரித்தார். சட்டென்று நிறுத்தினார்.

"அந்தப் பொண்ணுக்கு ரத்தம் உறையவைக்கிற ஃபேக்டர் ஏதாவது குறைஞ்சிருந்தா, அப்பா ரத்தம் அதை நிரப்பியிருக்கும். நார்மல்னுதான் காட்டும். அவளை நேர்ல வரச்சொல்லு."

மறுநாள் முதல் பஸ்ஸில் செல்வி வந்தாள். படுக்கவைத்து, கோடு வரை நானே எடுத்தேன். ஏபிடிடி நீண்டுகொண்டே போனது. டாக்டரம்மா அவள் பிளாஸ்மாவில் பாதிக்குப் பாதி நார்மல் பிளாஸ்மா கலந்து மறுபடி ஓட்டச் சொன்னார். நேரம் இறங்கி நார்மலுக்கு வந்தது. ஏதோ ஒரு ஃபேக்டர் குறைவு என்பதற்கான அடையாளம் அது.

"இதுக்கு மிக்சிங் டெஸ்ட்னு பேரு. கருப்பையா இதை நேத்தே பண்ணிட்டாரு" என்றார்.

ஆபரேஷன் தள்ளிப்போனது. எந்த ஃபேக்டர் என்று மதுரையில் கண்டுபிடித்து, அதற்கான மருந்தை முன்கூட்டியே ஏற்றி, பிறகுதான் செய்தார்கள். செல்வி நன்றாக இருக்கிறாள்.

விதியைச் சொன்னால் காரணத்தையும் சொல்ல வேண்டும் என்று நான் கற்றது அப்போதுதான். புதுத் தாளில் சிட்ரேட் கணக்கை எழுதி, கீழே "முழுவதும் ஒரே ஆளின் ரத்தம்" என்றும் சேர்த்தேன். புதிதாக வருகிறவர்கள் அதைப் படித்துச் சிரிப்பார்கள். மகளுக்கு ரிப்போர்ட் வாங்க வந்த கருப்பையா மட்டும் சிரிக்கவில்லை. எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தார்.

"இப்பச் சரியா இருக்கு தம்பி. இத மொதல்லயே போட்டிருக்கலாம்ல?"