மூன்று நாள் சுத்தியல் சத்தம்

ஒரே தகரக் கூரையின் கீழ் இரண்டு ஒர்க்‌ஷாப்புகள். நடுவில் செங்கல் சுவர். வலப்பக்கம் அண்ணன், இடப்பக்கம் தம்பி. வண்டி விட வருகிறவர்களுக்கு அவர்கள் பெரியவர், சின்னவர். பெற்றவர்கள் வைத்த பெயரெல்லாம் ஓட்டுநர் உரிமத்தோடு சரி.

சுவர் வந்து ஒன்பது வருடம். அதற்கு முன் இருபது வருடம் இருவரும் வண்டிக்கு அடியில் ஒரே குழியில் இறங்கி வேலை செய்தவர்கள். பிரிந்த காரணத்தைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். சின்னவருக்குக் கை பலம் அதிகம், பொறுமை குறைவு. ஒரு நாள் இறுக்குகிற வேகத்தில் ஒரு போல்ட்டை முறித்துவிட்டார். பெரியவர் வண்டிக்காரர் முன்னாலேயே, "இவன்கிட்ட ஒரு போல்ட்டைக் கொடுத்தா ரெண்டாக்கித் தருவான்" என்று சொல்லிச் சிரித்தார். வேடிக்கையாகத்தான் சொன்னார். வண்டிக்காரரும் சிரித்தார். சின்னவர் ஸ்பேனரைத் துடைத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறுவாரம் செங்கல் வந்து இறங்கியது.

"நீரடிச்சு நீர் விலகுமா" என்று உறவுக்காரர்கள் சமாதானம் பேசப் பார்த்தார்கள். விலகியது. சாமான்களைப் பிரித்தபோது பிரஸ் மிஷின் தம்பிக்கும் மின்ரம்பம் அண்ணனுக்கும் போயின. ஓரகத்திகள் மட்டும் போனில் பேசிக்கொண்டார்கள். இரண்டு ஆண்களும் அதைக் கண்டும் காணாததுபோல இருந்துவிட்டார்கள்.

போன மழைக்காலத்துக்குப் பின் ஒரு பல் டாக்டர் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரைச் சின்னவரிடம் விட்டார். இரண்டே இருக்கை, தரையோடு தரையாகப் பதுங்கிய உடம்பு, முப்பத்தைந்து வயது வண்டி. பின்சக்கரங்களைத் தாங்கும் இரும்புக் கைகளில் புஷ் தேய்ந்துபோய், திருப்பத்தில் வண்டி வாலை ஆட்டியது. புஷ் என்பது ஒரு ரப்பர் உருளை. அதன் நடுவில் இரும்புக் குழாய், குழாய்க்குள் நீளமான போல்ட். வருடக்கணக்கில் தண்ணீர் இறங்கினால் குழாயும் போல்ட்டும் துருவேறி ஒன்றாகிவிடும். அதன்பின் எவ்வளவு அடித்தாலும் ரப்பர் அடியை வாங்கிக்கொள்ளும், போல்ட் அசையாது.

முதல் நாள் காலை சுவருக்கு அந்தப் பக்கம் சுத்தியல் விழ ஆரம்பித்தது. டங்கென்று வர வேண்டிய சத்தம் தொப் தொப்பென்று வந்தது. பெரியவருக்குக் கையில் இருந்த வேலையை நிறுத்தாமலே புரிந்துவிட்டது. இது அடிக்கு வராது. புஷ்ஷுக்கு இரண்டு பக்கமும் போல்ட்டை அறுத்தால்தான் உண்டு. அந்த இடுக்கில் விரல்கூட நுழையாது, மின்ரம்பத்தின் மெல்லிய பிளேடு மட்டும் போகும். ரம்பம் அவர் தலைக்கு மேலே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

வந்து கேட்கட்டும் என்று இருந்தார்.

இரண்டாம் நாள் ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்த மனைவியிடம், "உன் கொழுந்தன் ரப்பரை வறுத்துக்கிட்டிருக்கான்" என்றார்.

"ரம்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வாங்களேன்."

"அவனுக்கு வாய் இருக்குல்ல? கேட்டா மாட்டேன்னா சொல்லப்போறேன்?"

"உங்களுக்கும்தான் கால் இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரம் கழுவப் போனாள்.

மூன்றாம் நாள் பத்துப் பதினைந்து அடி, ஒரு நிறுத்தம், மறுபடி அடி என்று வந்தது. நிறுத்தங்கள் நீண்டுகொண்டே போயின. பதினொரு மணிக்கு மேல் ஒரேயடியாக நின்றது. பெரியவர் காதைக் கொடுத்துக் கேட்டார். போல்ட் வந்துவிட்டதா? ரம்பம் இல்லாமலே எடுத்துவிட்டானா? கொஞ்சம் பொறாமையாக இருந்தது. தம்பி கெட்டிக்காரன்தான் என்று உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது. டீ குடித்தார். ஒரு வண்டிக்குக் கிளட்ச் கேபிள் மாற்றினார்.

ஒரு மணிக்குக் காரைப் பார்க்க வந்த பல் டாக்டர்தான் சுவரைச் சுற்றி ஓடிவந்து கூப்பிட்டார். கழற்றி வைத்த சக்கரத்தில் சாய்ந்து சின்னவர் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வேர்வை. டாக்டர் மறுபடியும் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்.

"ஹார்ட்டுதான். உயிர் போய் ரெண்டு மணி நேரம் ஆகியிருக்கும்போல."

அந்த நேரம் எது என்று பெரியவருக்குத் தெரியும்.

எல்லாம் முடிந்து இருபது நாள் கழித்துச் சின்னவர் மனைவி ஒர்க்‌ஷாப் சாவியோடு வந்தாள். "டாக்டர் ஒண்ணும் அவசரப்படுத்தல மாமா. ஆனா வண்டி அப்படியே ஜாக்கியில நிக்குது. நீங்க முடிச்சுக் குடுத்துடுங்க."

ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக வேலைக்கென்று அந்தப் பக்கம் போனார். காருக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். போல்ட் முனையில் மரை நசுங்காதிருக்க நட்டைத் திரும்ப மாட்டியிருந்தான். அதன்மேல் பித்தளைத் துண்டை வைத்துத்தான் அடித்திருக்கிறான். எண்ணெய் ஊற்றி ஊற வைத்த தடம் இருந்தது. சூடாக்கிய கேஸ் நெருப்பு பெயின்ட்டில் படாமலிருக்க ஈரத்துணியைச் சுற்றியிருந்தான். பழைய தம்பியாக இருந்தால் முதல் நாளே ஸ்பேனரில் பைப்பைச் சொருகி போல்ட்டின் தலையை முறித்திருப்பான். இவன் முறித்துவிடக் கூடாதென்று மூன்று நாள் பொறுமையாகப் பாடுபட்டிருக்கிறான்.

பெரியவர் ரம்பத்தைக் கொண்டுவந்தார். இரண்டு பக்கமும் அறுக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அதன்பின் வெகுநேரம் அவர் காருக்கு அடியிலேயே கிடந்தார்.

டாக்டர் வண்டியை எடுத்துக்கொண்டு போன அன்று சாவியைக் கொடுக்கத் தம்பி வீட்டுக்குப் போனார். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"எனக்குக் கேட்டுச்சும்மா. மூணு நாளும் கேட்டுச்சு. என்ன கோளாறுன்னும் தெரியும். ரம்பம் என்கிட்டதான் இருந்துச்சு. சத்தம் நின்னதும் தெரியும்."

அவள் சாவியை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு நாளும் சாப்பிடும்போது சொன்னாரு மாமா. அண்ணன்கிட்ட ரம்பம் இருக்கு, நாளைக்குக் கேட்டுப் பாக்கணும்னு." சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, "இதை நீங்க என்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றாள்.

அதற்குப் பிறகு ஓரகத்திகளின் போன் பேச்சும் நின்றது. பெரியவர் மனைவி அவரோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசியபோது, "உங்க பாரத்தை இறக்கி அவ தலையில வெச்சுட்டு வந்துட்டீங்க" என்றாள். இடப்பக்கத்து இடத்தைச் சின்னவர் மனைவி குழாய்க் கடைக்காரர் ஒருவருக்குச் சாமான் போட்டு வைக்க வாடகைக்கு விட்டாள். எல்லாவற்றையும் ஆள் அனுப்பித்தான் பேசினாள்.

பெரியவர் இரண்டு முறை அவள் வீட்டுக்குப் போனார். முதல் முறை கதவு திறக்கவில்லை. இரண்டாம் முறை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை ஜன்னல் பக்கம் பார்த்தபடி நின்றாள், பிறகு டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே குழாய் திறக்கும் சத்தமும் துணி அலசும் சத்தமும் கேட்டன. அவர் சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "வரேம்மா" என்று பொதுவாகச் சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டார். அடுத்த மாதமும் போவதாக இருக்கிறார்.