முனியாண்டி அண்ணனின் இரண்டாவது அறை

முனியாண்டி அண்ணன் போய்விட்டார் என்ற செய்தியை அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னாள். எடுத்தவுடன், "சித்தப்பா, வலக்காதுல வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் அழுதாள். அது அந்த வீட்டுப் பழக்கம். என் இடக்காது செவிடு. செவிடாக்கியவர் அவளுடைய அப்பா. இங்கே கூடியிருக்கும் காஜா பேராங் ஊர்க்காரர்கள் பலருக்கு அவர் சிரித்துப் பேசும் டாக்சிக்காரர். அவர் கையின் கனம் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஜப்பான்காரன் நம் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் பெட்ரோல் ஏது? அண்ணனுடைய டாக்சி கரி அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு இருமியபடியே ஓடும். ஒரு நாள் காலை, பிரேக் பிடிக்காமல் என் சைக்கிளை உரசிவிட்டது. சின்ன மோதல்தான். ஆனால் விழுந்ததில் என் வலது மணிக்கட்டு பிசகி வீங்கிவிட்டது. நான் முடிவெட்டுகிறவன். கத்திரி பிடிக்கும் கை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. "கை ஆறுற வரைக்கும் அரிசி குடுங்க" என்றேன்.

"எனக்கே மரவள்ளிதான்டா. அரிசிக்கு நான் எங்க போவேன்?" என்றார்.

வெள்ளைக்காரன் காலத்தில் கார் இடித்தால் போலீசில் சொல்லி நஷ்டஈடு கேட்போம். அந்தப் பழக்கதோஷத்தில், கொடி மாறியதை மறந்து, அவரைக் காவல் சாவடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். "வேணாம்டா, அவன் தீர்ப்பு வேற மாதிரி இருக்கும்" என்று வழிநெடுகச் சொன்னார். முன்கோபிக்குக் காது எங்கே கேட்கும்? அப்போது எனக்கு இரண்டு காதுமே நன்றாக இருந்தன என்பதுதான் வேடிக்கை.

சாவடியில் எங்களுக்கு முன்னால் இரண்டு சீன வியாபாரிகள் நின்றார்கள். தகராறு என்று போனால் இருவரும் ஒருவரையொருவர் அறைய வேண்டும். விசாரணையும் அதுதான், தீர்ப்பும் அதுதான். பழகியவர்கள், பாவம், வலிக்காமல் தட்டிக்கொண்டார்கள். காவலுக்கு நின்ற ஜப்பான் சிப்பாய்க்கு ஆத்திரம் வந்துவிட்டது. எப்படி அடிப்பது என்று துப்பாக்கிக் கட்டையால் அவனே காட்டினான். ஒருவருக்குத் தாடை உடைந்து தொங்கியது. இன்னொருவருக்கு மண்டையில் விழுந்தது. அவர் எழுந்திருக்கவே இல்லை. அவருடைய ரத்தம் என் செருப்பு வரை ஓடி வந்தது. காலைப் பிடித்து அவரை ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டு எங்களைக் கூப்பிட்டான்.

குனிந்து வணங்கினோம். நிமிர்ந்ததும் அண்ணன் என்னை அறைந்தார். இடது கன்னத்தில் விழுந்தது. பல் ஒன்று தெறித்தது, நான் மண்ணில் கிடந்தேன். சிப்பாய் சிரித்தான். அண்ணன் என்னை மறுபடி அடிக்க வருவதுபோலக் குனிந்து, இடக்காதோரம், "எந்திரிக்காதடா தம்பி, செத்துருவே" என்றார். எனக்கோ ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து, வீங்காத கையால் அவர் மூக்கில் ஓங்கிக் குத்தினேன். எலும்பு நொறுங்கியது என் விரலுக்கே தெரிந்தது. விழுந்தவன் எழுந்து குத்தியது பிடிக்காமல், சிப்பாய் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்தான். அவன் நெருங்குவதற்குள் இரண்டாவது அறை விழுந்தது. அதே கன்னம், அதே காது. உள்ளே ஏதோ கிழிந்தது. இந்த முறை எழ நினைத்தாலும் முடியவில்லை. சிப்பாய் கைதட்டி எங்களை அனுப்பிவிட்டான்.

அண்ணன்தான் என்னைத் தோளில் தூக்கி வந்தார். சாயங்காலம் அவித்த மரவள்ளியோடு வந்தபோது தட்டைத் தட்டிவிட்டேன். "அடிச்சவன் குடுக்கிறதைத் தின்பேனா?" என்று கத்தினேன்.

"அவன்கிட்ட இருந்த கேஸ் முடிஞ்சிருச்சு. எங்கிட்ட இருக்கிறது முடியலையே" என்றபடி கிழங்கைப் பொறுக்கி எடுத்தார். மறுநாள் அந்தச் சீனரின் பிணத்தை வண்டியில் கொண்டுபோவதைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று அவர் வந்ததும் நானே தட்டைக் கேட்டு வாங்கினேன். கை ஆறும்வரை ஊட்டிவிட்டார். தன் மூக்குக்கு அவர் எதுவுமே கேட்கவில்லை.

நேற்று அவருக்குக் கடைசிச் சவரம் செய்தவன் நான். அந்தக் கோணல் மூக்கருகே வந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

அவரைப் பற்றி ஆளுக்கொரு நினைவு வைத்திருப்பீர்கள். என்னிடம் இந்த இடக்காது இருக்கிறது. "எந்திரிக்காதடா தம்பி" என்று அவர் சொன்னதற்குப் பிறகு, வேறு யார் பேச்சும் அதற்குள் போகவில்லை.