சுதந்திர தேவியை உரசிப் பார்த்தேன்

போன வாரம் எங்கள் சமையல் மேடையில், காபி பில்டருக்குப் பக்கத்தில், ஒரு தங்கக் காசு கிடந்தது.

கொண்டுவந்து வைத்தவர் என் வீட்டுக்காரர் பால்ராஜ். பழைய காசு என்றால் மனுஷனுக்கு உயிர். டெக்சாஸ் பிளானோவில் எங்கள் தெருக்கோடி வீட்டு வால்ட்டர் – எண்பதை நெருங்கும் ரிட்டயர்டு வாத்தியார் – சனிக்கிழமை வீட்டைக் காலி பண்ணிவிட்டு மகளிடம் போகிறார். பரம்பரையாக வந்த காசை டீலரிடம் கொடுக்கும் முன் இவரிடம் நீட்டியிருக்கிறார். வைத்துப் பார், பிடித்தால் வாங்கிக்கொள், இல்லையென்றால் திருப்பிக் கொடு. அவ்வளவுதான் பேச்சு.

ரசீது? இல்லை. ஒரு போட்டோவாவது எடுத்துக்கொண்டாரா? அதுவும் இல்லை. தங்கத்தை இப்படி யாராவது தூக்கிக் கொடுப்பார்களா... தங்கமாக இருந்தால்?

நான் லென்ஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். முன்பக்கம் ஒரு அம்மாள். சுதந்திர தேவியாம். தலையில் குளிருக்குப் போடுகிற மாதிரி ஒரு துணித் தொப்பி. சுற்றிலும் நட்சத்திரங்கள் – எண்ணினேன், பதினைந்து. அமெரிக்கக் கொடியில் ஐம்பது என்று சிட்டிசன்ஷிப் டெஸ்ட்டுக்கு மனப்பாடம் பண்ணியவள் நான்! பின்பக்கம் கழுகு. கழுகா அது? இலை வளையத்தை வாயில் கவ்விக்கொண்டு ஓலை மேல் நிற்கும் ஒரு சோப்ளாங்கிக் கோழி. எல்லாவற்றுக்கும் மேல், எத்தனை டாலர் என்று எங்குமே போடவில்லை. மதிப்பு போடாத காசை எந்த நாட்டில் அடிப்பார்கள்?

டூப்ளிகேட் என்று தீர்ப்பு சொன்னேன்.

பால்ராஜ் பொறுமையாக விளக்கினார். 1795-ல் அடித்த ஐந்து டாலர் காசு இது. அப்போது மாநிலங்களே பதினைந்துதான். தங்கத்தின் எடையே மதிப்பு என்பதால் எண் போடவில்லை. அச்சைக் கையால் வெட்டினார்கள், அதனால்தான் கழுகு அப்படி. பிற்பாடு உள்ளே இருக்கும் தங்கத்தின் விலை ஐந்து டாலரைத் தாண்டவும், ஆளாளுக்கு உருக்கிவிட்டார்களாம். தப்பிப் பிழைத்தவை கொஞ்சம்.

"நம்பிக் குடுத்திருக்கார் மேரி. டவுட்னா கிரேடிங்குக்கு அனுப்புங்கன்னு அவரேதான் சொன்னார்" என்றார்.

கிரேடிங் என்றால் அசலா, எந்தத் தரம் என்று சோதித்துச் சான்று கொடுப்பது; முடிந்து வர வாரக்கணக்காகும். ஆள் சனிக்கிழமை கிளம்பிவிடுவார். அப்புறம் எங்கே போய்ப் பிடிப்பது? பார்த்தீர்களா, எனக்கு இதுவும் ஒரு ஆதாரமாகப் பட்டது.

வெள்ளிக்கிழமை இவர் ஆபீஸ் கிளம்பியதும் காசை ஹேண்ட்பேகில் போட்டுக்கொண்டு, வழக்கமாக என் செயினைப் பற்றவைக்கும் நம்மூர்க்காரர் நகைக்கடைக்குப் போனேன். தங்கம் சோதிக்கிற மெஷின் ரிப்பேர், திங்கட்கிழமை வாங்க என்றார் கடைக்காரர். கல்லில் உரசிப் பாருங்களேன் என்றேன். பழைய காசாக இருக்கிறதே என்று தயங்கினார். எங்கள் பாளையங்கோட்டைக் கடைகளில் மெஷினா வைத்திருந்தார்கள், கல் போதும் என்று நான்தான் அடம்பிடித்தேன்.

விளிம்பைக் கருங்கல்லில் ஒரு இழுப்பு. அந்தக் கோட்டின் மேல் ஒரு சொட்டு ஆசிட்.

"சுத்தமான நயன் ஒன் சிக்ஸ் மேடம். நம்ம ஊரு நகை மாதிரியே!"

அப்பாடா! நெஞ்சு குளிர்ந்தது. சந்தேகப்படுவதில் ஒரு சுகம் உண்டு – நாம் ஏமாறுகிற ஆள் இல்லை என்கிற சுகம். அதை அனுபவித்துக்கொண்டே வண்டி ஓட்டி வந்தேன்.

சாயங்காலம் பெருமையாக விஷயத்தைச் சொன்னேன். பால்ராஜ் லென்ஸை வாங்கி விளிம்பை ரொம்ப நேரம் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"இருநூறு வருஷத்துக்கு மேல தப்பிச்ச காசு, மேரி" என்றார். சேகரிப்பவர்கள் கண்ணில் இப்படி ஒரு உரசல் பட்டால் மதிப்பு சடாரென்று இறங்கிவிடுமாம். காசோ இன்னும் வால்ட்டருடையது. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் காலை இரண்டு பேரும் போனோம். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த வால்ட்டரிடம் நானே சொன்னேன். வெட்கமாக இருந்தது. அவர் காசை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு நிதானமாகத் தன் டெக்சாஸ் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இது:

"எங்க குடும்பத்துல இதுவரைக்கும் யாரும் இது எத்தனை காரட்னு கேட்டதில்லம்மா. அதனாலதான் இது உருகாம இருக்கு."

பரவாயில்லை, குறைத்துக் கொடுங்கள் என்றார். பால்ராஜ் கேட்கவில்லை. முதலில் பேசிய விலைக்கே செக் எழுதினார். புதுக் காருக்காகச் சேர்த்தது அது.

வால்ட்டர் அந்தச் செக்கைப் பிரித்துப் படிக்காமலே சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நானாக இருந்தால் பேங்க்குக்குப் போன் போட்டிருப்பேன்.