ஆறு தொட்டியும் ஒரு கோழியும்

கால்நடை மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்து சீட்டு எழுதுகிறவளுக்குப் ‘படக்காரம்மா’ என்று பேர் வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அந்தப் பேரை வாங்கிக்கொடுத்தவை இரண்டு பழுப்பு நாய்கள்.

அப்போது அவள் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு சீட்டிலும் ‘அடையாளம்’ என்று ஒரு கட்டம் உண்டு. வருவது நாயோ பூனையோ கிளியோ, அந்தக் கட்டத்தில் இரண்டு வார்த்தை எழுதவேண்டும். ஒருநாள் காலையில் வந்த இரண்டு நாய்களுக்கும் ‘பழுப்பு, மார்பில் வெள்ளை’ என்று எழுதினாள். பொய்யில்லை, இரண்டும் அப்படித்தான் இருந்தன. ஒன்று நகம் வெட்டிக்கொள்ள வந்தது. மற்றது மூன்று நாளாக வெளிக்குப் போகாமல் வந்தது. உள்ளே சீட்டு மாறிப்போய், நகம் வெட்ட வந்த நாய்க்கு எனிமா கொடுத்துவிட்டார்கள். வெளியே வரும்போது அது அவளைப் பார்த்த பார்வை இன்றைக்கும் அவளுக்கு மறக்கவில்லை.

“அடையாளம்னா அடையாளமா இருக்கணும்மா. உலகத்துல பாதி நாய் பழுப்புதான்,” என்றார் டாக்டர். கோபம் வந்தால் அவர் ஒரு கையுறையைக் கழற்றிவிட்டுப் பேசுவார். அன்று இரண்டையும் கழற்றியிருந்தார்.

மறுநாளிலிருந்து அவள் அந்தக் கட்டத்துக்குள் படம் போட ஆரம்பித்தாள். ஒரு காது மடிந்திருந்தால் மடிந்த காது, மூக்கில் தழும்பிருந்தால் தழும்பு. தபால்தலை அளவுக்குள் ஒரு முகம். அதற்குப் பிறகு சீட்டு மாறவேயில்லை. படத்தோடு நிறுத்தியிருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே? கீழே பொடி எழுத்தில் ஒரு வரியும் சேர்ந்துகொண்டது. ‘பேர் சிங்கம். ஊசியைக் காட்டினால் மேசைக்கடியில்.’ ‘வயது ஆறு. வீட்டில் இரண்டு மனிதர்களை வளர்த்துவருகிறது.’ ‘கிளி. புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு ஒரே சாட்சி, அதனால்தான் கூண்டில்.’ சீட்டை வாங்கினவர்கள் சிரித்தார்கள். சிலர் மருந்தைத் தொலைத்தாலும் சீட்டைத் தொலைக்கவில்லை.

டாக்டர், காத்திருக்கும் அறைச் சுவரில் ஒரு பலகை மாட்டிக்கொடுத்தார். திங்கட்கிழமைதோறும் அதில் ஒரு பெரிய படம் வரும். அதைப் பார்ப்பதற்காகவே, நோயில்லாத பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. அவளுக்குக் கல்யாணம் நடக்கவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், “அடையாளம் சரியா எழுதாம விட்டுட்டாங்க, எனக்கு வரவேண்டியவர் வேற எங்கேயோ நகம் வெட்டப் போயிட்டார்,” என்பாள். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். எதைக் கேட்டாலும் அவளிடம் அப்படி ஒன்று தயாராக இருக்கும். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. அது அவளுக்கு வசதியாகவும் இருந்தது.

நான்கு வருஷத்துக்கு முன் அக்காவின் கணவர் போய்ச் சேர்ந்தார். அக்கா இவளோடு இருக்க வந்தாள். சங்கிலி கோத்த மூக்குக்கண்ணாடி, ஒரு பெட்டி, ஒரு வெந்நீர்ப் பை, ஆறு பூந்தொட்டி. இரண்டு அறை வீட்டில் பெட்டிக்கும் அக்காவுக்கும் இடம் கிடைத்தது. தொட்டிகள் பால்கனிக்குப் போயின. மூன்று ரோஜா, ஒரு சாமந்தி, ஒரு செம்பருத்தி, பேர் தெரியாத ஒரு கள்ளி. துணி உலர்த்தப் போனால் கள்ளி புடவையைப் பிடித்து இழுக்கும்.

“என்னடி அப்படிப் பார்க்குற? அதுக்குக் கை கால் இல்ல. முள்ளாலதான் கூப்பிடும்,” என்பாள் அக்கா.

அதுவரை அவள் பூவை வரைந்ததில்லை. பூ ஊசிக்கு அழாது, கூண்டைக் கடிக்காது, அதில் என்ன வேடிக்கை என்று இருந்தாள். அக்கா வந்தபிறகு பூக்களும் பலகையில் ஏறின. ‘ரோஜா: முள் பாதுகாப்புக்கு. மாடிவீட்டு அம்மாளுக்கு இது தெரியும், மூன்று முறை பறித்துப் பார்த்திருக்கிறார்.’ ‘சாமந்தி: தினமும் ஒரே முகம். மாமியாராகத் தகுதியில்லை.’

அக்கா விடிந்ததும் பால்கனிக்குப் போய்விடுவாள். குளியலறை ஜன்னல் அந்தப் பக்கம் திறக்கும். அக்கா பேசுவதைப் பல் தேய்த்துக்கொண்டே இவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

“என்ன, முகத்தைத் தொங்கப் போட்டிருக்க? நேத்து தண்ணி ஊத்தினேனே. பத்தலையா? இந்தா... ஏய் கள்ளி, உன்கிட்ட நான் பேசல, நீ சும்மா இரு. நேத்து என்ன ஆச்சு தெரியுமா, பேத்தி போன்ல என்னை அடையாளமே தெரியாதவ மாதிரி...”

அரைமணி நேரம் அது ஓடும். வாய் கொப்பளித்த பிறகும் அவள் சற்று நேரம் அங்கேயே நிற்பாள். வீட்டில் இன்னொரு குரல் இருப்பது நன்றாகத்தான் இருந்தது. அதை ஒருநாளும் அக்காவிடம் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா செடிகளுக்கு மண் மாற்றிக்கொண்டிருந்தபோது, “அதுங்ககிட்ட என்னதான் பேசுற?” என்று கேட்டாள்.

அக்கா கைமண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: “உங்க மாமா முப்பத்தோரு வருஷம் எனக்குப் பதிலே சொன்னதில்லடி. பேப்பர் படிப்பார், நான் பேசிட்டே இருப்பேன். பழகிப்போச்சு. பதில் சொல்றவங்ககிட்டப் பேசத்தான் எனக்குப் பயமா இருக்கு. செடின்னா சௌகரியம்.” பிறகு சட்டென்று தலை நிமிர்ந்து, “இதை யார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காத. கிழவிக்குக் கழண்டுடுச்சும்பாங்க,” என்றாள்.

“நான் எங்க போய்ச் சொல்லப்போறேன்?” என்றாள் இவள்.

சொல்லவில்லைதான். வரைந்தாள்.

அந்த வாரம் பலகைக்கு ஒன்றும் அமையவில்லை. திங்கட்கிழமை காலை, தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தபோது கை தானாகப் போயிற்று. ஆறு தொட்டி. அவற்றின் முன்னால் ஒரு தடித்த கோழி. மூக்குக்கண்ணாடிக்குச் சங்கிலி, இறக்கைக்கடியில் வெந்நீர்ப் பை. கீழே எழுதினாள்: ‘பதில் சொல்லாதவர்களிடம் மட்டும் பேசும். கணவர் காலத்துப் பழக்கம்.’

எழுதி முடித்ததும் ஒரு நிமிஷம் பென்சில் தயங்கத்தான் செய்தது. அது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று பிற்பாடு ஒருமுறைகூட அவளால் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள முடியாமல் போனது அந்த ஒரு நிமிஷத்தால்தான். ஆனால் வரி நன்றாக இருந்தது. நல்ல வரி ஒன்று அகப்பட்டுவிட்டால் அவளால் விடமுடியாது. அக்கா என்ன, மருத்துவமனைக்கு வருகிறவளா?

பலகையில் இருபது வருஷத்தில் வந்த எதற்கும் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. கம்பவுண்டர் இரண்டு தடவை வெளியே வந்து படித்தார். நாய்க்குச் சொறி என்று வந்த முடிவெட்டுகிறவர், “எங்க அம்மாவை எப்போ பார்த்தீங்க?” என்று கேட்டார்.

புதன்கிழமை அவள் கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்துவிட்டாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்குப் பூனைக்கும் பைக்கும் வித்தியாசம் தெரியாது. பதினோரு மணிக்கு, இரண்டு பஸ் மாறி, கண்ணாடிக்கூட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு அக்கா வந்து நின்றாள். அறை நிறைய ஆட்கள். முன்மேசையில் யாரோ ஒருவர் தடுப்பூசித் தேதி கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா சுவரோரமாக ஒதுங்கி நின்றாள், பலகைக்கு நேராக.

“உட்காருங்கம்மா,” என்றார் முடிவெட்டுகிறவர். சொறிக்கு மறுபடி மருந்து போட வந்திருந்தார். “அதைப் படிச்சீங்களா? படிங்க, வயிறு வலிக்கும்.” படிக்கும்வரைகூட அவருக்குப் பொறுக்கவில்லை, சத்தமாக அவரே படித்துக் காட்டினார். அறை முழுக்க மறுபடி சிரித்தது.

மேசைக்குப் பின்னாலிருந்து அவளுக்கு முகங்கள் தெரியவில்லை. எல்லாம் கலங்கலாக இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்புக்குள் அக்காவின் சிரிப்பும் இருந்தது, அது காதில் தெளிவாக விழுந்தது. மற்றவர்கள் நிறுத்திய பிறகுதான் அது நின்றது.

அக்கா மேசைக்கு வந்து கண்ணாடியை வைத்தாள். “டீவி மேல இருந்துச்சு,” என்றாள். “வரட்டுமா?” என்றாள். போய்விட்டாள்.

படக்காரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். பலகையிலிருந்த கோழி பளிச்சென்று தெரிந்தது.

சாயங்காலம் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. அக்கா தட்டு வைத்தாள், சாப்பிட்டாயா என்று கேட்டாள், துணி மடித்தாள். சண்டை போட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருக்கலாம். மறுநாள் காலை பல் தேய்க்கும்போது ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. ஆறு தொட்டிக்கும் வரிசையாக, ஒரு வார்த்தையில்லாமல். ஆறு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த வாரமும்.

“அக்கா, அந்தப் படத்தைக் கிழிச்சுப் போட்டுட்டேன்.”

“எந்தப் படம்?”

“தெரியாத மாதிரி கேட்காதக்கா.”

“நல்லாத்தானே இருந்துச்சு. ஏன் கிழிச்ச? எல்லாரும் சிரிச்சாங்களே.”

அவள் அன்றைக்கே உட்கார்ந்து இன்னொரு படம் வரைந்தாள். கண்ணாடி போட்ட ஒரு கழுதை, வாயில் பென்சில். கீழே: ‘மன்னிப்பு கேட்கத் தெரியாது. உதைக்க மட்டும் தெரியும். காதைப் பிடித்துத் திருகலாம், கட்டணம் இல்லை.’ அக்காவின் தலையணைமேல் வைத்தாள்.

அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “காது நல்லா வந்திருக்கு,” என்றாள். பிறகு தாளை மடித்தபடி, குரலை உயர்த்தாமல் கேட்டாள்: “ஏண்டி, உனக்கு எதையுமே சிரிக்க வைக்காம சொல்ல வராதா?”

இவள் வாயைத் திறந்தாள். ‘வரும், ஆனா டாக்டர் சீட்டு வேணும்’ என்பதுதான் நுனிநாக்கில் வந்து நின்றது. அதை விழுங்கினாள். விழுங்கிய பிறகு பார்த்தால் உள்ளே வேறொன்றும் இல்லை. ‘உன் குரலைக் கேட்கத்தான் தினமும் அந்தக் குளியலறையில் நிற்கிறேன்’ என்று சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியம் அவளுக்கு வந்தது ஒரு மாதம் கழித்து, அக்கா தன் மகள் வீட்டுக்குப் போன பிறகு, பஸ் நிறுத்தத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தபோது.

“ஒரு மாசம் இருந்துட்டு வரேன். செடியைப் பார்த்துக்கோ,” என்று சொல்லித்தான் அக்கா போனாள். ஒரு மாதம் மூன்றாயிற்று. பேத்திக்குப் பரீட்சை, மகளுக்கு முதுகுவலி, என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். காரணங்கள் எல்லாம் உண்மையாகவும் இருந்தன.

அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு தொட்டியாக வரைந்து, படமெடுத்து, அக்காவின் போனுக்கு அனுப்பினாள். வரி எழுதவில்லை. கள்ளியை வரைந்த அன்று கை பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். ஆறு வரி தயாராக இருந்தது, ஒன்றைவிட ஒன்று ஜோர். அடியில் நான்கு விரல் இடத்தை வெள்ளையாகவே விட்டு அனுப்பினாள். ‘பார்த்தேன்’ என்று பதில் வரும். எல்லாப் படத்துக்கும் அதே ஒரு வார்த்தை.

நான்காவது மாதம் செம்பருத்தி மொட்டு உதிர்க்க ஆரம்பித்தது. தண்ணீர் ஊற்றினாள், உரம் போட்டாள், தொட்டியை வெயிலுக்கு நகர்த்தினாள். மொட்டு விரல்நுனி அளவு வருவதும் மஞ்சளாகி விழுவதுமாக இருந்தது. ஒரு காலையில் பால்கனியில் ஒன்பது மொட்டுகளைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு, அக்காவுக்குப் போன் செய்தாள்.

“செம்பருத்தி நிக்கலக்கா. எல்லா மொட்டும் விழுந்துடுது.”

“தண்ணி?”

“ஊத்துறேன். நீ ஊத்துற அளவுதான்.”

“பேசுறியா?”

அவள் கையிலிருந்த மொட்டுகளைத் தரையில் வைத்தாள். ஒருநாள் முயன்று பார்த்ததுண்டு. தொட்டியின் முன்னால் நின்று, ‘என்ன, நல்லா இருக்கியா’ என்று கேட்டுவிட்டு, யாரோ பார்ப்பதுபோலத் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே வந்துவிட்டாள். சிரிக்க ஆள் இல்லாத இடத்தில் என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“எனக்கு வரலக்கா,” என்றாள். “நீ பேசுறப்ப குளியலறையில நின்னு கேட்டுட்டிருப்பேன். தினமும். இப்ப வீடே...” அதற்குமேல் ஓடவில்லை. வேடிக்கையாக எதுவும் வந்து கைகொடுக்கவும் இல்லை.

மறுமுனையில் ஒரு பிரஷர் குக்கர் விசில் கேட்டது. யாரோ கதவைச் சாத்தினார்கள். அக்கா வேறு அறைக்குப் போயிருக்கவேண்டும்.

“கேட்டுட்டிருந்தியா?”

“ஆமா.”

“எல்லாமா?”

“ஆமாக்கா.”

 லைன் போய்விட்டதோ என்று அவள் போனை எடுத்துப் பார்த்தாள்.

“போனை ஸ்பீக்கர்ல போடு,” என்றாள் அக்கா. “செம்பருத்தித் தொட்டி விளிம்புல வை. விழுந்துடாம வை.”

வைத்தாள்.

“வச்சிட்டியா?”

“வச்சிட்டேன்.”

“நீ உள்ள போ. கதவைச் சாத்திக்கோ. குளியலறைப் பக்கம் போகாத.”

“சரிக்கா.”

உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். சாத்திய கதவையும் தாண்டி மெல்லிசாக ஏதோ கேட்கத் தொடங்கியது. சொற்கள் இல்லை, ஏற்ற இறக்கம் மட்டும். நான்கு எட்டு வைத்தால் குளியலறை ஜன்னல். அவள் சமையலறைக்குப் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, கழுவிவைத்திருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.