பல் மருத்துவமனைக் கதவு வைத்த வீடு

எங்கள் தெருவில் அவரை "ஓட்டை உடைசல் அக்கா" என்றுதான் கூப்பிடுவோம். படித்தது கட்டடக் கலை, செய்யும் தொழிலும் அதுதான். ஆனால் புதுச் செங்கல்லைக் கண்டாலே முகம் சுளிப்பார். எங்காவது பழைய கட்டடத்தை இடிப்பதாகக் காதில் விழுந்தால் போதும், சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் ஓடுவார்.

"நல்லா இருக்கிறத உடைச்சுட்டு, அதையே திரும்பச் செய்ய மலையக் குடையுறாங்க. கேட்டா வளர்ச்சியாம்!" என்பார்.

கல்யாணமான புதிதில் சொந்த வீட்டையும் அப்படித்தான் கட்டினார். குளியலறைக்கு ஒரு சினிமாக் கொட்டகையின் டிக்கெட் கவுன்ட்டர் கதவு. நடுவில் கை நுழையும் அளவுக்கு அரைவட்ட ஓட்டை. சோப்பு வாங்கிக்கொள்ள வசதி என்று வாதாடினார். கணவர் கணக்கு வாத்தியார், பரம சாது. ஓட்டையில் துண்டைத் திணித்துவிட்டுக் குளிக்கப் பழகிக்கொண்டார்.

வம்பு வந்தது வாசற்கதவால். மூடிப்போன ஒரு பல் மருத்துவமனையின் கதவு அது. கீழே தேக்கு, மேலே கனத்த கண்ணாடி. கண்ணாடியில் "பல் மருத்துவமனை. உள்ளே வரவும்" என்று அழகாகச் செதுக்கியிருந்தது.

குடிபோன மறுநாளே, கன்னம் வீங்கிய ஒருவர் விறுவிறுவென்று உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்த வாத்தியார் பதறிப்போய்த் தானும் வாயைத் திறந்தார்.

"டாக்டர் இல்லீங்களா?"

"இது வீடுங்க."

"பரவால்ல, வரட்டும். இருக்கேன்."

அன்றிலிருந்து தினமும் நாலைந்து பேர். "அந்தக் கண்ணாடியையாவது மாத்திடேன்மா" என்று வாத்தியார் கெஞ்சினார்.

"நல்ல கண்ணாடிங்க. அது என்ன பாவம் பண்ணுச்சு?"

அக்கா வந்தவர்களுக்கெல்லாம் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுத்தார். அதைக் கேள்விப்பட்டு எங்கள் தெருக்காரர்களும் பல்வலி என்றால் அங்கேயே வரத் தொடங்கினார்கள். அவர்கள் கொப்பளிக்கும் நேரத்தில் தன் திட்டத்தை விரித்தார். வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் மதில் சுவர்களை எடுத்துவிட்டால் தெருவுக்கே பொதுவாக ஒரு தோட்டம், மழைத் தண்ணீருக்கு ஒரே தொட்டி. வாய் நிறையத் தண்ணீர் வைத்திருப்பவர் எப்படி மறுத்துப் பேசுவார்? தலையை ஆட்டினார்கள். அக்கா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மறுவாரமே கடப்பாரையோடு போய் நின்றார். வலி தீர்ந்தபின் இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். அதற்குள் சுவர் போயிருந்தது. வெண்டைக்காய் காய்க்கத் தொடங்கியதும் சண்டையும் போயிற்று.

ஒருநாள் அடுத்த தெருவின் அசல் பல் டாக்டரே வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது.

"படிக்காம வைத்தியம் பாக்குறீங்களா? போலீசுக்குப் போவேன்!"

"வாங்க டாக்டர், உங்களத்தான் தேடிட்டிருந்தோம். இவருக்குக் கடைவாய்ப் பல்லு, பாவம், ராத்திரியெல்லாம் தூக்கமில்லையாம்." நாற்காலியில் சாய்ந்திருந்தவரைக் காட்டினார் அக்கா.

டாக்டர் திட்டிக்கொண்டே குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. "டார்ச் இருக்கா?" என்றார். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் காலையில் வந்து இலவசமாகப் பார்த்தார். போகும்போது ஒரு கூடை வெண்டைக்காய் கொண்டுபோவார்.

அக்காவுக்கு இப்போது எழுபது வயது. போன மாதம் இடித்த ஒரு காவல் நிலையத்திலிருந்து லாக்கப் கம்பிக்கதவை வாங்கி வந்து, தோட்டத்து விதைக் கொட்டகைக்கு மாட்டினார். வாத்தியார் உள்ளே போய்ப் பலமாக இழுத்துச் சாத்திப் பார்த்தார். பூட்டு விழுந்தது. கதவோடு சாவி வரவில்லை.

பூட்டுக்காரர் வரும்வரை தெருவே கம்பிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தது. கம்பி வழியாக டீ போயிற்று, சீட்டுக்கட்டும் போயிற்று. பூட்டுக்காரர் வந்து பையைத் திறந்தபோது உள்ளிருந்து வாத்தியார் கத்தினார்:

"கொஞ்சம் பொறுப்பா, நான் ஜெயிச்சிட்டிருக்கேன்!"