மாமா சுத்தம் செய்த காடு

சோமனூர்ப் பக்கம் என் மாமாவுக்கு ஆறு ஏக்கர் மானாவாரிக் காடு உண்டு. விசைத்தறி போட்ட பிறகு அவர் அதில் கால் வைத்ததில்லை. பன்னிரண்டு வருடம் தரிசாகக் கிடந்தது. விசேஷங்களில் மட்டும் தன்னை விவசாயி என்றே சொல்லிக்கொள்வார்.

பூச்சியியல் ஆய்வுக்காக நான் அந்தக் காட்டைக் கேட்டபோது சிரித்தார்.

"வெட்டுக்கிளி எண்றதுக்கா அம்மணி இத்தன படிச்சே?"

மூன்று வருடம் எண்ணினேன். அண்மையில்தான் உழவை நிறுத்திய பக்கத்துக் காட்டில், வெறும் மண்ணை விரும்பும் குட்டையான பழுப்பு வெட்டுக்கிளிகளே அதிகம். மாமாவின் காட்டில் கொழுக்கட்டைப் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. அங்கே பழுப்புக்காரர்கள் குறைந்துபோய், கூர்முகமும் புல்தாள் போன்ற நீண்ட உடலும் கொண்ட பச்சை வெட்டுக்கிளிகள் குடியேறியிருந்தன. வலையை ஒருமுறை வீசினால் ஏழெட்டு வகை விழும். மாமா தன் ஆயுளில் செய்த ஒரே நல்ல விவசாயம், அந்த நிலத்தை மறந்ததுதான்.

கடைசி எண்ணிக்கைக்கு நான் போன காலையில் புல்லே இல்லை. ஜேசிபி வழித்துத் தள்ளியிருந்தது. ஓரத்தில் மாமா வெள்ளை வேட்டியில் நின்றார். அவர் மகளைப் பெண் பார்க்க மேட்டுப்பாளையத்திலிருந்து வருகிறவர்கள், காட்டையும் பார்ப்பார்களாம்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்களே மாமா?"

"பொதராக் கெடந்தா நம்மள என்ன நெனப்பாங்க கண்ணு? சுத்தம் பண்ணிப்போட்டேன். பூச்சி எங்கெ போயிரும், பக்கத்துக் காட்டுல எண்ணிக்கோ."

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கார் வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா ஏசி போய்விடாதபடி கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினார்.

"என்ன வெள்ளாமைங்க?"

"இப்பத்தானுங்க உழவு ஓட்டியிருக்குது," என்றார் மாமா கூசாமல்.

"பன்னண்டு வருசமா வெள்ளாமையே இல்லீங்க. நேத்து வரைக்கும் புல்லு இருந்துச்சு," என்றேன்.

மாமாவின் முகம் செத்துப்போனது. வந்தவருக்கோ அது காதிலேயே ஏறவில்லை. "ரோட்டோரமா எத்தன அடி வருமுங்க?" என்றுதான் அடுத்து கேட்டார். சம்பந்தம் முடிவாகிவிட்டது. என்னைக் கல்யாணத்துக்கு அழைக்கவில்லை, நானும் வருந்தவில்லை.

மழைக்குப் பிறகு வலையோடு மறுபடி போனேன். குட்டைப் பழுப்புகள்தான் எங்கும் துள்ளின. ஜேசிபியின் கை எட்டாத வேலியோரத்தில் கொஞ்சம் புல் மிஞ்சியிருந்தது. அதில் மூன்று பச்சைகள் இருந்தன. எழுதிக்கொண்டேன்.